சிக்னல் இல்லாத பாதை

ஜனவரி 20, செவ்வாய்

கோத்தகிரி வந்து சேரப் பகல் ஒரு மணி ஆகிவிட்டது. எங்கள் ஊர் கோபியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு ஒரு பஸ், அங்கிருந்து மலைக்கு இன்னொரு பஸ். இரண்டாவதில் எனக்குக் கடைசி சீட்தான் கிடைத்தது. ஒவ்வொரு வளைவிலும் காலையில் தின்ற இட்லி தொண்டைவரை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போயிற்று.

விடுதியின் பெயரை எழுதக்கூட எனக்கு மனமில்லை. இணையத்தில் போட்டிருந்த படத்தில் ஜன்னலுக்கு வெளியே பள்ளத்தாக்கு தெரிந்தது. நிஜத்தில் ஜன்னலைத் திறந்தால் அடுத்த கட்டடத்து மாடியில் மூன்று கறுப்புத் தண்ணீர்த் தொட்டிகள். மேனேஜரைக் கூப்பிட்டுக் கேட்டேன். போஜன் என்று பெயர். ஐம்பது வயதிருக்கும், கம்பளித் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டிருந்தார். "பள்ளத்தாக்கு தொட்டிக்குப் பின்னாடி இருக்குது சார்" என்றார். பொய் சொல்லவில்லை, அதுதான் எரிச்சல்.

மெத்தை சில்லென்று ஈரம். போர்வையில் பாச்சை உருண்டை நாற்றம். முப்பத்துமூன்று வருடம் மின்வாரியத்தில் குப்பை கொட்டியவன் நான். வெளியூர் போனாலும் சட்டைப் பையில் டெஸ்டர் இருக்கும். குளியலறைக் குழாயில் வைத்துப் பார்த்தேன், மினுக்கென்று எரிகிறது. ஹீட்டருக்கு எர்த் கொடுக்கவில்லை. குளிக்கப் போனவன் அப்படியே கைலாசம் போகலாம். சொன்னதற்கு, "பத்து நிமிஷத்துல ஆள் வரும் சார்" என்றார் போஜன். இதை எழுதும்போது மாலை ஆறு மணி. ஆள் வரவில்லை.

கூட வந்த என் மகள் தாரணி, தனக்குக் கொடுத்த பக்கத்து அறையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பையை வைத்த கையோடு வரவேற்புக்குப் போய், "இங்க செல்போன் சிக்னல் கிடைக்காத பாதை ஏதாச்சும் இருக்குதுங்களா, நடக்கறதுக்கு?" என்று கேட்டாள். போஜன் என்னைப் பார்த்தார். வருகிறவர்கள் எல்லாம் வைஃபை பாஸ்வேர்டு கேட்பார்கள் போலும். இவள் தலைகீழாகக் கேட்கிறாள்.

இந்தப் பயணம் எதற்கு என்பதையும் எழுதிவிடுகிறேன். தாரணிக்குக் கல்யாணமாகி இரண்டு வருடம். மாப்பிள்ளை நவநீதன் கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறார். பொங்கலுக்கு இரண்டு பெட்டியோடு தனியாக வந்தாள். பொங்கலின் கடைசி நாளான பூப்பொங்கல் முடிந்த மறுநாள், "நான் திரும்பிப் போகலைப்பா" என்றாள். ஏன் என்றால் பதில் இல்லை. மாப்பிள்ளை குடிக்கிறாரா? இல்லை. கை நீட்டினாரா? இல்லை. வேறு பெண்ணா? இல்லை. பிறகு என்னதான் குறை? என் மனைவி சாந்தாமணிதான் யோசனை சொன்னாள்: "நாலு நாள் எங்கியாச்சும் குளுகுளுன்னு கூட்டிட்டுப் போங்க. சனிக்கிழமை மாப்பிள்ளையும் அங்க வந்து நிக்கட்டும். பாத்தா எல்லாஞ் செரியாப் போயிரும்."

ஆக நவநீதன் சனிக்கிழமை வருகிறார். தாரணிக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் பஸ்ஸே ஏறியிருக்க மாட்டாள். இதில் ஏமாற்று ஒன்றும் இல்லை. பெற்றவன் நல்லதுக்குச் செய்வது.

ஜனவரி 21, புதன்

காலையில் வெந்நீர் ஆறிலிருந்து ஏழு வரைதான் என்று போர்டு வைத்திருக்கிறார்கள். ஆறே காலுக்குத் திறந்தேன். காற்று வந்தது. பிறகு ஒரு வாளி வெந்நீரை யாரோ வாசலில் வைத்துவிட்டுப் போனார்கள். அதற்குள் அது வெந்நீர் என்ற பெயரை இழந்திருந்தது.

சிற்றுண்டி பூரி. மசாலில் உருளைக்கிழங்கைத் தேட வேண்டியிருந்தது.

வரவேற்பில் ஒரு வரைபடம் ஒட்டியிருக்கிறார்கள். 'காட்சி முனை, நடைபாதை, 3 கி.மீ.' தாரணி அதைப் படம் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தாள். நான் மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால். இரண்டு கிலோமீட்டர் தேயிலைக்கு நடுவே ஏறினோம். அங்கே ஒரு இரும்புக் கேட், பூட்டு, காவல்காரர். "தோட்டம் கைமாறிருச்சு. இப்ப யாரையும் விடறதில்ல" என்றார். வரைபடம்? "அது பழசு." அவரோடு சண்டை போட்டுப் பயனில்லை என்று தெரிந்தும் பத்து நிமிடம் போட்டேன். தாரணி தன் செல்போனைத் தூக்கிப் பார்த்து, "இங்கயே சிக்னல் நாலு கோடு இருக்குதுப்பா, விடுங்க" என்று திரும்பினாள்.

மாப்பிள்ளை என்னை அழைத்தார். தாரணி அவர் போனை எடுப்பதே இல்லையாம். குரல் கம்மியிருந்தது. "ஒரு போட்டோ அனுப்புங்க மாமா. நல்லா இருக்கறாளான்னு பாத்தாப் போதும்." கேட்டில் சாய்ந்து நின்றவளை நான் எடுத்திருந்த படத்தை அனுப்பினேன். இந்தக் காலத்தில் எந்தப் புருஷன் இப்படி உருகுகிறான்? சாந்தாமணிக்கு மூக்கில் ஆபரேஷன் நடந்தபோதுகூட நான் மின்கம்பத்து லைன் வேலையில்தான் இருந்தேன்.

மத்தியானம் இன்னொரு படம் கேட்டார். சாப்பிடும்போது எடுத்தேன். மாலையில் இன்னொன்று.

அறையை மாற்றிக் கொடுத்தார்கள். இப்போது இரண்டு தொட்டிதான் தெரிகிறது.

ஜனவரி 22, வியாழன்

வெந்நீர் வரவில்லை.

ஜனவரி 22, மாலை

காலையில் கோபத்தில் அந்த ஒரு வரியோடு மூடிவிட்டேன். மிச்சம் இது.

இரண்டாவது பாதை தாரணியின் செல்போன் காட்டியது. பச்சைக் கோடு போட்டு, அருவி என்று எழுதி, நாற்பது நிமிடம் என்றும் சொன்னது. நாற்பது நிமிடத்தில் அது எங்களைக் கொண்டுபோய் நிறுத்தியது ஊர்க் குப்பை கொட்டும் இடத்தில். அருவி இருந்தது. சாக்கடை பாறையில் விழுந்துகொண்டிருந்தது. மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பும்போது பாதை சறுக்கி என் பேன்ட் முழங்காலில் கிழிந்தது.

"உனக்கு நடக்கணும்னா விடுதி வாசல்லயே நடக்கலாமே சாமி. எதுக்கு சிக்னல் இல்லாத எடமாத் தேடி என்னைய இழுக்கற?" என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. அவள் கையில் போன் கிர்ர் கிர்ரென்று அதிர்ந்துகொண்டிருந்தது. நான் பார்த்தவரை ஒன்பது முறை.

மாப்பிள்ளை இன்று அனுப்பச் சொன்ன படங்கள் பதின்மூன்று. நான்காவதில் வரவேற்பு மேசையருகே தாரணி போஜனிடம் வழி கேட்டுக்கொண்டிருந்தாள். உடனே பதில் வந்தது: "பக்கத்துல யாரு மாமா?" மேனேஜர் என்றேன். "என்ன வயசு?" ஐம்பது இருக்கும் என்றேன். "அவ எதுக்கு அவர்கிட்டப் பேசறா? நீங்க கேக்கலாமில்ல?" நானும் ஏதோ மேலதிகாரிக்கு விளக்கக் கடிதம் எழுதுவதுபோல, பாதை விசாரித்தாள், இரண்டு நிமிடம்தான் பேசினாள் என்று அடித்து அனுப்பினேன். அனுப்பிய பிறகு எனக்கே ஒரு மாதிரி இருந்தது. ஊரில் தனியாக இருக்கிறார், கவலை இருக்காதா என்று விட்டுவிட்டேன்.

ஒரு நல்ல காரியம். படுக்கை விரிப்பு மாற்ற வரும் புஷ்பராணி என்ற அம்மாளிடம் தாரணி பேச்சுக் கொடுத்தாள். அவர் வீடு மலைக்கு அந்தப் பக்கம், தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லைன் வீடுகளில். தினமும் காட்டு வழியாக நடந்துதான் வேலைக்கு வருகிறாராம். விடுதியின் துணி துவைக்கும் கொட்டகைக்குப் பின்னாலேயே பாதை தொடங்குகிறது. இரண்டு நாளாக நாங்கள் ஊரெல்லாம் சுற்றியது எதற்கு என்று எனக்குத் தெரியவில்லை. போஜனிடம் கேட்டேன். "அது பாதை இல்ல சார், புஷ்பா வர்ற வழி" என்றார்.

ஜனவரி 23, வெள்ளி

இன்று நடந்தோம்.

புஷ்பராணி பத்து மணிக்கு வேலை முடிந்து வீட்டுக்குக் கிளம்பும்போது எங்களையும் கூட்டிக்கொண்டார். ஒற்றையடிப் பாதை. முதல் அரை மணி நேரம் தேயிலை, பிறகு ஒரு சிமென்ட் தண்ணீர்த் தொட்டி, அதைத் தாண்டினால் சோலைக்காடு. "இந்தத் தொட்டியோட டவர் கட்டாயிரும் பாப்பா" என்றார் அவர். தாரணி போனைப் பார்த்தாள். அதைப் பைக்குள் போட்டாள். அப்புறம் இரண்டு மணி நேரம் அதை வெளியே எடுக்கவே இல்லை.

புஷ்பராணி இரண்டு விஷயம் சொன்னார். அட்டை ஏறினால் பிய்க்கக் கூடாது, உப்பு வைக்க வேண்டும். காட்டெருமை பாதையில் நின்றால் அது போகும்வரை நாம் நிற்க வேண்டும். "அதுக்கு அவசரம் இல்லீங்க. நமக்குத்தான்." காட்டெருமை வரவில்லை. அட்டை வந்தது, என் காலுக்கு மட்டும்.

காட்டைத் தாண்டி ஒரு பெரிய பாறை. கீழே பவானி ஆறு சமவெளியில் நூல் போட்டதுபோலக் கிடந்தது. புஷ்பராணி தன் லைனுக்கு இறங்கிப் போனார். என் காலில் உப்பு வைத்துத் தேய்த்துக்கொண்டே தாரணி திடீரென்று சிரித்தாள். "உங்க மூஞ்சியப் பாருங்கப்பா, ஷாக் அடிச்ச மாதிரி." இந்தப் பொங்கலுக்கு வந்ததிலிருந்து அவள் சிரித்து நான் பார்க்கவில்லை. படம் எடுத்தேன். இதை எனக்காகத்தான் எடுத்தேன்.

பிறகு அவளாகவே பேசினாள். நான் கேட்கவில்லை.

"தினமும் நான் எங்க இருக்கறன்னு அவருக்குப் போன்ல காட்டோணும்ப்பா. கடைக்குப் போனா கடை, ஆபீசுக்குப் போனா சீட்டு. பத்து நிமிஷம் லேட்டானா எதுக்குன்னு கேட்டு விடிய விடியப் பேச்சு. வேலைய விட்டேனே, நானா விட்டேன்னு நெனச்சீங்களா?"

"போனை எடுக்காம இருக்க வேண்டியதுதானே? ஆஃப் பண்ணிப் போட வேண்டியதுதானே?" என்றேன்.

"அடிச்சு எடுக்கலைன்னா வேணும்னே எடுக்கலைன்னு அர்த்தம். ஆஃப் பண்ணுனா எவன்கூடவோ இருக்கேன்னு அர்த்தம். சிக்னல் இல்லைன்னா மட்டுந்தாம்ப்பா ஒரு அர்த்தமும் இல்ல. யாரும் எதுவும் கேக்க முடியாது."

காற்று பலமாக வீசியது, காது வலித்தது, திரும்பினோம்.

தொட்டியைத் தாண்டியதும் என் போன் துள்ளியது. மாப்பிள்ளையிடமிருந்து பதினான்கு அழைப்பு. நான் பின்தங்கி நின்று பேசினேன். "ரெண்டு மணி நேரம் எங்க போனீங்க மாமா? உங்களுக்குப் பொறுப்பு இருக்குதா இல்லையா?" அறுபத்திரண்டு வயதாகிறது எனக்கு. அப்பன் செத்த பிறகு என்னை இப்படி யாரும் கேட்டதில்லை. சிக்னல் இல்லைங்க மாப்பிள்ளை என்றேன். "நம்பற மாதிரி சொல்லுங்க" என்றார். அவர் நம்புவதற்காக அந்தச் சிரிக்கிற படத்தை அனுப்பினேன்.

மாலையில் சாந்தாமணிக்குப் போன் செய்து, மாப்பிள்ளையை நாளைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிடலாமா என்று கேட்டேன். "அன்பு மிஞ்சினா ஆம்பளைங்க அப்படித்தானுங்க. இப்பப் போயி மாத்துனா நாளைக்கு நம்மளத்தான் கொறை சொல்லுவாங்க" என்றாள். மாப்பிள்ளைக்கு 'நாளைக்கு வர வேண்டாம்' என்று அடித்தேன். பிறகு அழித்தேன். மறுபடி அடித்தேன். போர்வை நாற்றத்தில் தும்மல் வந்தது. அனுப்பவில்லை.

ஜனவரி 24, சனி

இன்று நடந்ததை வரிசையாக எழுதப் பார்க்கிறேன். முழங்கால் இரண்டும் வீங்கியிருக்கின்றன.

காலை எட்டு மணிக்கு தாரணி என் அறைக் கதவைத் தட்டி, "நான் பாறைக்குப் போறம்ப்பா, புஷ்பாக்காவுக்கு இன்னிக்கு மத்தியானந்தான் வேலை, பாதி வழி வரைக்கும் எதிர்ல வந்து கூட்டிட்டுப் போறாங்க. ரெண்டு மணிக்குள்ள வந்துருவேன்" என்றாள். நேற்றே சொல்லியிருக்க வேண்டும். இப்போதாவது சொல்லியிருக்கலாம். "தொப்பி போட்டுக்க கண்ணு" என்று மட்டும் சொன்னேன். நவநீதன் மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் வருவதாக ஏற்பாடு. அதற்குள் ஏதாவது யோசிக்கலாம் என்று நினைத்தேன்.

பத்தரைக்கே வந்துவிட்டார். நான் வரவேற்பில் போஜனிடம் எர்த் ஒயர் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். வாங்க மாப்பிள்ளை என்று எழுந்தேன். அவர் உட்காரவில்லை.

"எங்க மாமா அவ?"

"நடக்கப் போயிருக்கறா. வந்துருவா. காப்பி சாப்பிடுங்க."

"தனியாவா?" மேசை மேல் இருந்த வருகைப் பதிவேட்டைத் தன் பக்கம் திருப்பி, பக்கம் பக்கமாகப் பார்க்க ஆரம்பித்தார். யார் யார் எந்த அறை, எத்தனை நாள், ஆண் பெயர்கள். போஜன் மெதுவாக அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "அத ஓனர கேட்டுத்தான் சார் காட்டணும்."

"எந்த வழியாப் போனா? நான் போயிக் கூட்டிட்டு வர்றேன்."

அந்தப் பாறை என் கண் முன் வந்தது. அதன் மேல் யாருக்கும் பதில் சொல்ல வேண்டாமல் உட்கார்ந்திருப்பவள் வந்தாள்.

"தெரியுமுங்க மாப்பிள்ளை. சொல்ல மாட்டனுங்க."

என் வாயிலிருந்துதான் வந்தது. எனக்கே சற்று நேரம் கழித்துத்தான் கேட்டது.

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை. சிரித்தார். போனை எடுத்து விரலால் தள்ளித் தள்ளிக் காட்டினார். "புதன்கிழமையில இருந்து எனக்கு ரிப்போர்ட் அனுப்புனது யாரு மாமா? பதினேழு போட்டோ இருக்குது. எல்லாத்தையும் இப்ப அவளுக்கே அனுப்பறேன். உங்கப்பாதான் அனுப்புனாருன்னு எழுதி. அப்புறம் உங்கள நம்பி உங்ககூட வருவாளான்னு பாக்கலாம். இல்ல, வழியச் சொல்லுங்க, அனுப்பல. நம்ம ரெண்டு பேருக்குள்ள இருக்கட்டும்."

நம்ம ரெண்டு பேருக்குள்ள. இரண்டு வருடம் தாரணி எந்தக் கயிற்றில் கட்டுண்டிருந்தாள் என்று நான் கேட்டுக்கொண்டே இருந்தேனே, அதன் நுனி இப்போது என் கழுத்தில் இருந்தது. நான்கே நாளில், என் கையாலேயே மாட்டிக்கொண்டது.

"அனுப்பிக்கங்க" என்றேன். "நான் மாத்திரை போட்டுட்டு வர்றேன்."

மாத்திரை போடப் போகவில்லை. சமையலறை வழியாகப் பின்பக்கம் போனேன். போகும்போது முன்னால் போஜனின் குரல் கேட்டது: "பத்து நிமிஷத்துல வந்துருவாங்க சார். உக்காருங்க." அந்த மனிதரின் பத்து நிமிடத்தை நான் முதன்முறையாக வாழ்த்தினேன்.

கணக்கு எளிது. பாறையிலும் காட்டிலும் சிக்னல் இல்லை. அவள் தொட்டிக்கு இறங்கி வந்தால் அந்தப் பதினேழும் ஒரே மூச்சில் அவள் போனில் விழும். அதற்கு முன்னால் நான் மேலே போய் என் வாயால் சொல்ல வேண்டும். ஓடிப்பிடிக்கிற வயதா இது? தேயிலைச் சரிவில் இரண்டு இடத்தில் கையை ஊன்றி ஏறினேன். நெஞ்சு அடைத்தது. தொட்டியைத் தொட்டபோது பதினொன்றே முக்கால். அவள் இன்னும் வரவில்லை. அங்கேயே உட்கார்ந்து காத்திருக்கலாம் என்று ஒரு நினைப்பு வந்தது. சிக்னல் உள்ள இடத்தில், அவள் போன் கத்திக்கொண்டிருக்கும்போது சொல்வது சொல்வதாகாது. காட்டுக்குள் நுழைந்தேன்.

பாதி வழியில் காட்டெருமை. பாதையின் குறுக்கே, சுவர் மாதிரி. மூக்கால் ஒரு முறை ஊதிவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டே அசை போட்டது. எதிர்ப்பக்கம், வேலைக்கு இறங்கி வந்துகொண்டிருந்த புஷ்பராணி ஒரு மரத்துக்குப் பின்னால் நின்று, உட்காருங்க என்று கையால் காட்டினார். உட்கார்ந்தேன். கால் மணி நேரம். வாழ்க்கையில் எத்தனையோ அதிகாரிகள் முன்னால் கைகட்டி நின்றிருக்கிறேன், இவ்வளவு கெஞ்சியதில்லை. அதுவாகச் சலித்து இறங்கிப் போயிற்று. "பாப்பா மேலதான் இருக்கு. ஏன் சார் வேர்த்து ஊத்துது?" என்று புஷ்பராணி தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தார். ஒரே மடக்கில் குடித்துவிட்டு மேலே ஏறினேன்.

தாரணி பாறையில் கால் நீட்டி உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் பதறி எழுந்தாள். "அம்மாவுக்கு ஏதாச்சுமா?"

"இல்ல சாமி. மாப்பிள்ளை வந்திருக்கறாரு. கீழ இருக்கறாரு."

அவள் முகத்தில் இருந்தது எல்லாம் ஒரு கணத்தில் போயிற்று.

"எப்படித் தெரிஞ்சுது அவருக்கு?"

"நாந்தான் சொன்னேன். வரச் சொன்னதும் நாந்தான். இங்க வந்ததுல இருந்து உன்ற போட்டோவெல்லாம் அவருக்கு அனுப்பிட்டு இருந்ததும் நாந்தான்."

மின்வாரியத்தில் ஒரு பாவம் உண்டு. கம்பத்தில் ஆள் ஏறி நிற்கும்போது கீழே ஒருவன் கேட்காமல் ஸ்விட்சைப் போட்டுவிடுவது. என் முப்பத்துமூன்று வருடத்தில் அது நடக்க நான் விட்டதில்லை. மின்சாரம் நிறுத்தியாயிற்று என்று லைன் கிளியர் வாங்காமல் ஒருவனையும் ஏற விட்டதில்லை. என் மகள் மேலே நின்றிருக்கும்போது நானே கீழிருந்து சப்ளை கொடுத்திருக்கிறேன். இதை அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் அதுவும் ஒரு சாக்காகிவிடும்.

"எத்தனை?" என்றாள்.

"பதினேழு."

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

ஆற்றின் பக்கம் திரும்பிக்கொண்டாள். பிறகு, கோபமே இல்லாத குரலில் சொன்னாள்: "இங்க வந்தாச்சும் என்னைய யாரும் பாக்கலைன்னு நெனச்சுட்டு இருந்தம்ப்பா."

திட்டியிருக்கலாம். அடித்திருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன். நான் அழுதேன். அவள் சமாதானம் சொல்லவில்லை, சொல்ல வேண்டியதும் இல்லை. ஆரஞ்சைப் பையில் போட்டுக்கொண்டு இறங்க ஆரம்பித்தாள்.

காடு முழுக்க அவள் முன்னால், நான் பின்னால். முழங்கால் மடங்கவில்லை எனக்கு, வழியில் கிடந்த ஒரு தடியை எடுத்து ஊன்றி ஊன்றி வந்தேன். ஒவ்வொரு திருப்பத்திலும் அவள் நிற்பாள். நான் கண்ணில் பட்டதும், எட்டிப் பிடிக்கும் முன்னால், நடக்கத் தொடங்குவாள்.

தொட்டியருகே அவள் போன் அலறத் தொடங்கியது. நின்றாள். திறந்தாள். பதினேழையும் ஒன்றொன்றாக என் எதிரிலேயே பார்த்தாள். கேட்டில் சாய்ந்தது, சாப்பிடும்போது வாய் நிறையச் சோறோடு இருந்தது, போஜனிடம் வழி கேட்டது. கடைசிப் படம் அவள் சிரித்தது. அதைத்தான் வெகுநேரம் பார்த்தாள்.

விடுதி வாசலில் கார் அருகே நவநீதன் நின்றிருந்தார். அவளைப் பார்த்ததும் போனைத் தூக்கிக்கொண்டு வந்தார். "பாத்தியா? பாத்தியா உங்கப்பா லட்சணத்த?"

"பாத்தேன். அதுக்கு முன்னாடி அவரே மேல வந்து சொல்லிட்டாரு."

நவநீதன் என் காலைப் பார்த்தார். சேறு, கிழிந்த பேன்ட், தடி. கையில் வைத்திருந்த ஒரே சீட்டை யாரோ முன்பே இறக்கிவிட்டதுபோல விழித்தார். "சரி, பெட்டிய எடு, போலாம்" என்றார் கடைசியில்.

"நான் வரலைங்க" என்றாள் தாரணி. அவ்வளவுதான். அரை மணி நேரம் அவர் என்னென்னவோ பேசினார், கெஞ்சினார், வக்கீல் என்றார். அவள் அதே இரண்டு வார்த்தையை நான்கு முறை சொன்னாள். நான் அவள் பக்கத்தில் நின்றேன். என்னிடம் அவர் திரும்பியபோதெல்லாம், "அவ சொல்றதுதானுங்க" என்றேன். கார் கிளம்பிப் போயிற்று.

எர்த் ஒயர் போட ஆள் வந்துவிட்டுப் போனானாம்.

ஜனவரி 25, ஞாயிறு

விடுதியைக் காலி செய்தோம். மேட்டுப்பாளையம் பஸ்ஸில் இதை எழுதுகிறேன், எழுத்து கோணிக்கொண்டு போகிறது. தாரணி எனக்கு ஜன்னல் சீட்டைக் கொடுத்துவிட்டு அடுத்த சீட்டில் இருக்கிறாள். நேற்று பாறையில் பேசியதுதான், இன்னும் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. நான் தொந்தரவு செய்யவில்லை.

சாந்தாமணி போன் செய்தாள். நவநீதனின் அம்மா அவளைக் கிழித்துத் தோரணம் கட்டியிருக்கிறார். அழுகையும் கோபமுமாக, "என்ன சொல்றா உங்க மக?" என்றாள்.

"நம்மகூட வர்றா."

"வரட்டும், வேண்டாங்கல. எத்தன நாளைக்குன்னு கேட்டீங்களா?"

தாரணி முன் சீட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நேராகப் பார்த்திருந்தாள். எல்லாம் காதில் விழுந்திருக்கும். சாந்தாமணியின் குரல் அடுத்த பஸ்ஸுக்கே கேட்கும்.

"கேக்கல சாந்தாமணி" என்றேன். "நானும் கேக்க மாட்டேன், நீயும் கேக்கப்படாது."